புதன்கிழமைப் பிள்ளைகள்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் பேருந்து கோபாலபுரத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கேரளம் தொடங்கிவிடுகிறது. கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறுகின்றன. பேருந்துக்குள் பேச்சு மட்டும் மாறவில்லை. கொழிஞ்சாம்பாறையில் கூடையோடு ஏறிய ஓர் அம்மாவும் நடத்துநரும் தேங்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டது கொங்குத் தமிழில்தான். சாலையின் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, தோப்பு முடியும் இடத்தில் நெல்வயல், வரப்போரம் கரும்பனை. கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் காயலும் படகும் இங்கே கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிட்டிருக்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசல் இது. கோவைப் பக்கத்துக் காற்றும் வெயிலும் அப்படியே உள்ளே நுழைகின்றன.

சித்தூர் தாலுகாவின் இந்த எல்லையோரத்தில் தமிழ்வழி வகுப்புகள் இன்றும் நடக்கின்றன. கேரள அரசு தன் பள்ளிப் பாடநூல்களைத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சிடுகிறது. கணினிப் பாடநூலும் அப்படித் தமிழில் வருகிறது. அதைப் படிக்கும் பிள்ளைகள் கணினியை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சித்தூர்ப் பக்கத்தில் நடக்கும் 'லிட்டில் கைட்ஸ்' உபஜில்லா (கல்வி உட்கோட்ட) முகாமுக்கு வரலாம் என்று அங்கே வேலை பார்க்கும் ஆசிரிய நண்பர் ஒருவர் சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

லிட்டில் கைட்ஸ் என்பது கேரளத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் இயங்கும் கணினி மன்றம். 2018 ஜனவரியில் தொடங்கியது. இப்போது 2,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் ஒரு திறன் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். தேர்வும் கணினியில்தான். சேர்ந்தவர்களுக்குப் பள்ளி முடிந்த பிறகு புதன்கிழமைதோறும் ஒரு மணி நேரம் வகுப்பு. அனிமேஷன், நிரலாக்கம், மின்னணுக் கருவிகள், தமிழிலோ மலையாளத்திலோ தட்டச்சு, பள்ளிக்கென ஒரு மின்னிதழ் என்று அது விரிந்துகொண்டே போகிறது. பிறகு பள்ளி அளவில் முகாம். அதில் தேறியவர்கள் உபஜில்லாவுக்கு, அங்கிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து மாநில முகாமுக்கு. முகாம் என்று பெயர் இருந்தாலும் ஒவ்வொரு படியிலும் செயல்திட்டத்தைச் செய்துகாட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் மேலே போக முடியும். பிள்ளைகள் இதைப் போட்டியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 'செலக்‌ஷன் எப்போ?' என்ற கேள்வியைத்தான் அங்கே அதிகமாகக் கேட்டேன்.

முகாம் நடந்த பள்ளி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. ஓட்டுக் கூரை போட்ட பழைய கட்டடம் ஒன்று, அதை ஒட்டிப் புதிய இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் ஒரு மேசை போட்டு இரண்டு ஆசிரியைகள் பெயர் பதிந்துகொண்டிருந்தார்கள். வெவ்வேறு பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் பள்ளியின் மடிக்கணினி. மடிக்கணினியை மாணவி ஒருத்தி பேருந்தில் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பள்ளிச் சொத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் நம்பிக் கொடுத்தனுப்பும் தலைமையாசிரியரை நான் பார்க்கவில்லை, ஆனாலும் அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. கணினி ஆய்வகத்தைப் பூட்டிவைத்துச் சாவியை அலமாரியில் தொங்கவிட்டிருக்கும் பள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களைக் கைட் மாஸ்டர், கைட் மிஸ்ட்ரஸ் என்று அழைக்கிறார்கள். நான் முதலில் பேசிய கைட் மிஸ்ட்ரஸ் மலையாளம் கற்பிப்பவர். பக்கத்தில் இருந்த மாஷ் (ஆண் ஆசிரியரை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்) கணக்கு. மூன்றாமவர் தையல் ஆசிரியை. கணினிப் பட்டம் பெற்ற யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். "எங்க பள்ளியில யாருமில்ல சார். விடுமுறையில பயிற்சி கொடுப்பாங்க, நாங்க படிச்சிட்டு வந்து சொல்லிக் கொடுப்போம். தெரியாதது வந்தா பிள்ளைங்களோட சேர்ந்தே தேடுவோம்" என்றார் டீச்சர். எனக்காகத் தமிழில் பேசினார். அவருடைய அம்மா வீடு வேலந்தாவளம்.

இந்த ஏற்பாட்டின் வேர் இருபது ஆண்டுகளுக்கும் முந்தியது. கேரளப் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத்தை எப்படிக் கொண்டுவருவது என்று ஆராய, இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு.ஆர். ராவ் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அதன் பரிந்துரையிலிருந்து 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் பிறந்தது. தனியாகக் கணினி ஆசிரியர்களை நியமிக்காமல், ஏற்கெனவே பள்ளியில் இருக்கும் மொழி, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுப்பது என்று அன்று முடிவு செய்தார்கள். பணம் மிச்சம் என்பது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். விளைவு அதைவிடப் பெரியது. கணினி ஒரு தனி ஆளின் தனி அறையில் அடங்கிப்போகவில்லை. மலையாளம் டீச்சர் கவிதை நடத்தவும் கணினியைத் திறக்கிறார், உயிரியல் டீச்சர் இலையின் குறுக்குவெட்டைக் காட்டவும் திறக்கிறார்.

அதே 2001 ஜூலையில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்தார். இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அப்போது அங்கே தொடங்கப்பட்டது. பள்ளிக் கணினிகளில் எந்த மென்பொருளைப் போடுவது என்ற விவாதம் கேரளத்தில் ஆசிரியர் சங்கங்கள்வரை போய், தெருவில் பேசும் விஷயமாகவே ஆனது. கடைசியில் கட்டற்ற மென்பொருள் பக்கம் முடிவாகி, பள்ளிக் கணினிகளுக்கென்றே ஒரு குனு/லினக்ஸ் பதிப்பைத் தயாரித்தார்கள். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட அதை இன்றும் புதுப்பித்து வருகிறார்கள். 2019-ல் ஒரு பதிப்பு வெளியானபோது, இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளில் இதைப் போடுவதால் உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். அந்தத் தொகையைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது, பள்ளியில் பிள்ளை பயன்படுத்தும் மென்பொருளை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய், யாரிடமும் காசோ அனுமதியோ கேட்காமல் அண்ணனுடைய பழைய கணினியிலும் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான்.

2017-ல் ஐ.டி. அட் ஸ்கூல் ஓர் அரசு நிறுவனமாக மாறி 'கைட்' என்று பெயர் பெற்றது. அடுத்த ஆண்டில் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. இவ்வளவு கருவி வந்தால் அவை பழுதாகும், தூசி படியும், ஆசிரியர் திணறுவார். பிள்ளைகளையே அதற்குப் பொறுப்பாளிகளாக்கலாம் என்ற எண்ணமும் லிட்டில் கைட்ஸ் மன்றத்தோடு சேர்ந்தே வந்தது. புரொஜெக்டர் வேலை செய்யாத வகுப்பிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிடுவது இந்தப் பிள்ளைகளைத்தான். கோவிட் முடிந்த பிறகு, 2022-ல், இணையத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று லட்சக்கணக்கான அம்மாக்களுக்கு வகுப்பு எடுத்தவர்களும் இவர்கள்தான்.

முகாமில் இரண்டு பிரிவு. மேல்மாடியில் அனிமேஷன், கீழே நிரலாக்கமும் ரோபோட்டிக்ஸும். நான் பெரும்பாலும் கீழேயே இருந்தேன்.

மேசைக்கு மேசை ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி. 2022 டிசம்பரில் பள்ளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய 9,000 பெட்டிகளில் சில இவை. ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் ஏற்றக்கூடிய மின்னணுப் பலகை ஒன்று, எல்.இ.டி. விளக்குகள், பஸ்ஸர், வெளிச்சத்தை உணரும் சென்சார், எதிரில் ஏதாவது வந்தால் உணரும் இன்ஃப்ராரெட் சென்சார், விரல் நீளச் சர்வோ மோட்டார், அழுத்துப் பொத்தான், பிரெட்போர்டு, ஜம்பர் வயர்கள், ரெசிஸ்டர்கள். ஆர்டுயினோவும் 2005-ல் இத்தாலியில் மாணவர்களுக்காகவே உருவானது. அதன் வரைபடமும் எல்லாருக்கும் திறந்தது. பிள்ளைகள் 'பிக்டோபிளாக்ஸ்' என்ற மென்பொருளில் வண்ணக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து நிரல் எழுதினார்கள். இதே முறையில் இயங்கும் ஸ்க்ராட்ச் நிரல்மொழி தெரிந்த பிள்ளைக்கு இது சிரமமில்லை.

முதலில் எல்லாருக்கும் ஒரே வேலை. போக்குவரத்து விளக்கு, மின்னணுத் தாயக்கட்டை, ஆள் வந்தால் திறக்கும் கேட். சர்வோ மோட்டாரில் ஐஸ் குச்சியை ஒட்டிக் கேட் செய்திருந்தார்கள். சென்சாருக்கு முன்னால் கையைக் காட்டினால் குச்சி தொண்ணூறு பாகை எழுந்து நிற்க வேண்டும். ஒரு குழுவின் கேட் எழுந்தது, உடனே விழுந்தது, மறுபடி எழுந்தது, நடுங்கிக்கொண்டே இருந்தது. நடத்திய மாஷ் பக்கத்தில் வந்து நின்றார், வயரைத் தொடவில்லை. "கேட் திறந்ததும் வண்டிக்கு எவ்வளவு நேரம் வேணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். மூன்று பேரும் திரையை வெறித்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவன் 'காத்திரு' கட்டத்தை இழுத்து நடுவில் போட்டான். கேட் நின்றது. அவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதன் பிறகுதான் சொந்தச் செயல்திட்டம். அங்கேதான் அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியைப் பார்த்தேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ்வழி. மற்ற மேசைகளில் அட்டைப்பெட்டி வீடுகள், தெருவிளக்குகள், கோழிக்குத் தீனி போடும் இயந்திரம். அவள் மேசையில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட், ஒரு சொம்பு, குச்சியில் கட்டிய இரண்டு கம்பிகள். கொஞ்சம் தள்ளி ஆர்டுயினோ.

"இது என்னம்மா?"

"வாய்க்காலுங்க சார்" என்றாள் பக்கெட்டைக் காட்டி.

இந்த ஊரின் தண்ணீர்க் கதை தெரிந்தால்தான் அந்தப் பக்கெட் புரியும். சித்தூர்ப் பகுதி கேரளத்தின் மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. இங்குள்ள வயல்களுக்கு ஆழியாற்றிலிருந்து தண்ணீர் வர வேண்டும். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காக இரண்டு மாநிலங்களும் 1970-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும். அது மூலத்தறை மதகுக்கு வந்து, அங்கிருந்து இடமும் வலமுமாகக் கால்வாய்களில் பிரிந்து போகிறது. கால்வாயிலிருந்து வயலுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர். முறை நள்ளிரவில் வந்தாலும் போய் மடை திறக்க வேண்டும். மேல்மடைக்காரர் முடித்து விடும்வரை எப்போது வரும் என்று தெரியாது. மாணவியின் தாத்தா அதற்காக வாய்க்கால் மேட்டில் கட்டில் போட்டுப் படுத்திருப்பாராம். "பனியில படுத்து அவருக்கு இருமலுங்க. தண்ணி வந்தா வீட்டுல மணி அடிச்சாப் போதுமில்லீங்களா?"

பெட்டியில் தண்ணீரை உணரும் சென்சார் கிடையாது. அவள் இரண்டு கம்பிகளை ஒரு விரற்கடை இடைவெளியில் நிறுத்தி, ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்து, மற்றதை ரெசிஸ்டரோடு ஆர்டுயினோவின் அனலாக் முனையில் சேர்த்திருந்தாள். கம்பிகளுக்கு நடுவே காற்று இருக்கும்வரை திரையில் பூஜ்யத்தை ஒட்டிய எண். தண்ணீர் தொட்டதும் மின்சாரம் கடக்கும், எண் ஏறும். ஆர்டுயினோ இதை 0 முதல் 1023 வரை ஓர் அளவாகச் சொல்லும். ஒரு வரம்பு வைத்து, அதற்கு மேல் போனால் பஸ்ஸர் அடிக்கும்படி எழுதியிருந்தாள். சொம்பால் மொண்டு பக்கெட்டில் ஊற்றினாள். தண்ணீர் கம்பியைத் தொட்டது, பஸ்ஸர் கத்தியது.

இதுவரை அவள் பள்ளி முகாமிலேயே செய்துவிட்டாளாம். அவளைத் தொல்லைப்படுத்தியது வேறு. ஒரு வாரம் வீட்டில் தண்ணீரில் வைத்திருந்த செம்புக் கம்பியில் பச்சையாக ஏதோ படிந்து, ஒரு கம்பி இளைத்துப்போய்விட்டது. டீச்சருக்கும் காரணம் தெரியவில்லை. வேதியியல் டீச்சரிடம் போயிருக்கிறார்கள். தண்ணீருக்குள் ஒரே திசையில் மின்சாரம் விடாமல் ஓடினால் கம்பி கரையும், பத்தாம் வகுப்பில் மின்னாற்பகுப்பு என்று படிப்பீர்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டாமே என்று இவளுக்குத் தோன்றியிருக்கிறது. கம்பிக்குப் போகும் மின்சாரத்தை நிலையான முனையிலிருந்து எடுத்து, நிரல் சொன்னால் மட்டும் கொடுக்கும் முனைக்கு மாற்றிவிட்டாள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நொடி மட்டும் மின்சாரம் போகும், அளக்கும், நின்றுவிடும். விலைக்குக் கிடைக்கும் மண் ஈரச் சென்சார்களைப் பயன்படுத்துவோர் இன்றைக்கும் கையாளும் வழி இதுதான். அவளுக்கு அது தெரியாது. சொன்னபோது, "அப்படீங்களா?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

இன்னொரு சிக்கல் முகாமில்தான் தெரியவந்தது. நிரல் ஓடிக்கொண்டிருந்தது மடிக்கணினியில். வாய்க்கால் மேட்டுக்கு மடிக்கணினியைக் கொண்டுபோக முடியாது. பிக்டோபிளாக்ஸில் நிரலை ஆர்டுயினோவுக்குள்ளேயே ஏற்றிவிடும் வழி இருக்கிறது என்று பயிற்றுநர் காட்டினார். ஏற்றினாள், வயரைப் பிடுங்கினாள், ஒன்பது வோல்ட் பேட்டரியைச் செருகினாள். தண்ணீர் ஊற்றினாள். கணினி இல்லாமல் பஸ்ஸர் அடித்ததும் அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

மேல்மாடி அனிமேஷன் அறையில் சத்தமே இல்லை. ஓப்பன்டூன்ஸ் மென்பொருளில் பின்னணியை ஓர் அடுக்கிலும் உருவத்தை இன்னோர் அடுக்கிலும் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பனைமரத்தில் கள் இறக்குபவர் ஏறும் காட்சியை ஒருவன் செய்திருந்தான். கால் நழுவாமல் இருக்கக் கட்டியிருக்கும் தளையை மறக்காமல் வரைந்திருந்தான். அவனுக்கு அது தினம் பார்க்கும் காட்சி.

மாலையில் நண்பர் என்னைச் சித்தூர்த் தெக்கேகிராமத்துக்குக் கூட்டிப்போனார். மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வந்து தங்கியதாகச் சொல்லப்படும் குருமடம் அங்கே இருக்கிறது. பக்கத்தில் சோகநாசினி ஆறு. சித்தூர்ப் புழை என்றும் சொல்கிறார்கள். ஆழியாற்றுத் தண்ணீர் இதில்தான் வருகிறது. மடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் சடங்கு நடப்பதுண்டு என்றார்.

அங்கிருந்து பாலக்காட்டுப் பக்கம் கிணாசேரி வழியாகத் தஸ்ராக்குக்கும் போனோம். ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' பிறந்த ஊர். 1969-ல் நூலாக வந்த அந்த நாவலை யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் படித்திருப்பீர்கள். ரவி என்ற இளைஞன் ஓராசிரியர் பள்ளி தொடங்க வந்து இறங்கும் ஊர் அது. வயல் நடுவே உள்ள ஞாற்றுப்புரை என்ற கட்டடத்தை நினைவிடமாகப் பேணுகிறார்கள். நாவலில் அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருக்கிறது. அந்த வயல்களிலிருந்து அதிக தூரமில்லாத ஓர் அறையில் அன்று காலை நான் பார்த்ததை நண்பரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவருக்கு அது அன்றாடம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் முகாமில் செயல்திட்டங்களை மதிப்பிட்டதை நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இந்த மதிப்பீட்டு முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நம் ஊர் அறிவியல் கண்காட்சிகளில் தெர்மாகோலும் ஜிகினாவும் முந்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும், நடுவர் தலையாட்டுவார். இங்கே இரண்டு நடுவர்களும் அலங்காரத்தைக் கவனிக்கவே இல்லை. ஒப்பிக்க விடவும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் ஒன்றை மாற்றச் சொன்னார்கள். தெருவிளக்குச் செய்தவனிடம், "விடியறதுக்கு முன்னாடி மங்கலா எரியணும், மாத்து" என்றார்கள். கோழித்தீனிக் குழுவிடம், "ஒரே கோழி திரும்பத் திரும்ப வந்தா?" என்று கேட்டார்கள். வீட்டில் யாரோ செய்து கொடுத்ததைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் அந்த இடத்தில் திகைத்து நிற்க வேண்டியதுதான். யாரும் திகைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். திகைத்தவர்களுக்கு நேரம் கொடுத்தார்கள். சிலர் மாற்றினார்கள், சிலருக்கு முடியவில்லை.

வாய்க்கால் மாணவியின் முறை வந்தது. மலையாளத்தில் தொடங்கி, இரண்டு வாக்கியத்தில் தடுமாறினாள். "தமிழ்லயே சொல்லு மோளே" என்றார் நடுவராக இருந்த அம்மா. அதன் பிறகு நிற்கவே இல்லை. அவர்கள் கேட்ட கேள்வி: "மழை பேஞ்சா கம்பி ரெண்டும் நனையும். அப்போ மணி அடிக்குமே?"

கொஞ்சம் யோசித்தாள். கம்பியைத் தரையிலிருந்து ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டுவேன், மழைத்தண்ணீர் அவ்வளவு உயரம் நிற்காது என்றாள். குச்சி நனைந்து ஈரம் படர்ந்தால்? அவளிடம் பதில் இல்லை. எதிர் மேசையில் கேட் செய்த பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், டீச்சர் கையைக் காட்டி அடக்கினார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு தடவை பார்த்துட்டு அடிக்காம, தொடர்ந்து அஞ்சு தடவை எண் மேல இருந்தாத்தான் அடிக்கணும்னு வைக்கலாம். மழை நின்னா ஈரம் காயும், வாய்க்கால் காயாது" என்றாள். விடாத மழையில் இது போதாது என்று எனக்குத் தோன்றியது. நடுவரும் அதைச் சொன்னார். ஆனால் ஐந்து முறை எண்ணும் கட்டத்தை அவர் கண்முன்னாலேயே கோத்துக் காட்டச் சொன்னார், அவள் கோத்தாள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது நம் பிள்ளைகளின் நினைவு வந்துகொண்டே இருந்தது. தமிழ்நாடு 2011-லேயே மேல்நிலை மாணவர்களின் கையில் இலவச மடிக்கணினியைக் கொடுத்தது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் அவ்வளவு பெரிதாக அதைச் செய்ததில்லை. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் வந்திருக்கின்றன. பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ச் சிக்கலுக்குத் தீர்வு தேடிப் போட்டியிடுகிறார்கள். அதில் பரிசு பெறும் யோசனைகள் எவருக்கும் இளைத்தவை அல்ல. அண்மையில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக டி.என். ஸ்பார்க் திட்டமும் தொடங்கியிருக்கிறது. ஆனால் நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தை எடுத்துப் பாருங்கள். அது ஸ்க்ராட்ச் பற்றியது. கட்டங்களை இழுத்துக் கோத்து விளையாட வேண்டிய அந்தப் பாடத்துக்குப் பொதுத்தேர்வில் எழுத்துக் கேள்விதான் வருகிறது. கேரளத்தில் கணினிப் பாடத் தேர்வைக் கணினி முன் உட்காரவைத்து நடத்துகிறார்கள். 2025-ல் பத்தாம் வகுப்பு மாணவர்கள் எல்லாருக்கும், மன்றத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரோபோட்டிக்ஸைப் பாடமாகவே ஆக்கிவிட்டார்கள்.

கருவியும் யோசனையும் நமக்குக் குறைவில்லை. வாரம் தவறாத அந்த ஒரு மணி நேரமும், அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளும் ஒரு தமிழாசிரியரோ கணக்காசிரியரோ ஒவ்வொரு பள்ளியிலும் இருப்பதும்தான் நமக்கு வேண்டும். போட்டி அறிவித்த பிறகு நடக்கும் பதினைந்து நாள் பரபரப்பில் நல்ல மாதிரி ஒன்று பிறக்கலாம். செம்புக் கம்பி ஏன் இளைத்தது என்று கண்டுபிடிக்க அதைவிட நீண்ட அவகாசம் வேண்டும். தமிழ்வழியில் படிக்கும் இந்த எல்லைப் பிள்ளைக்குத் திருவனந்தபுரத்தில் தயாரித்த மென்பொருளும் தமிழ்ப் புத்தகமும் வந்து சேருகின்றன. பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைக்கும் அந்த மென்பொருள் திறந்தே கிடக்கிறது. எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

பட்டியலை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்தார்கள். மாவட்ட முகாமுக்கு வாய்க்கால் மாணவி தேர்வாகியிருந்தாள். கேட் செய்த பையன் பெயர் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் நின்றான். அவன் பள்ளி டீச்சர் பக்கத்தில் போய் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் கூடவே நின்றார். இத்தனை பேரில் சிலரைத்தான் அனுப்ப முடியும் என்ற கணக்கு பெரியவர்களுக்குப் புரியும். பதிமூன்று வயதில் அது வலிக்கத்தான் செய்யும். மாவட்டத்துக்குப் போகாத பிள்ளைகளுக்கும் பெட்டியைத் தொடர்ந்து கொடுப்பீர்களா என்று கேட்டேன். அடுத்த புதன்கிழமை வழக்கம்போல வகுப்பு உண்டு என்றார் அந்த டீச்சர்.

பெட்டிகளை எண்ணித் திருப்பி வாங்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு ஜம்பர் வயர் குறைந்தாலும் எழுதி வைக்கிறார்கள். அந்தப் பையன் பென்டிரைவோடு வாய்க்கால் மாணவியின் மேசைக்கு வந்தான். அவன் வீடு மூலத்தறைக் கால்வாய்க்குப் பக்கத்தில்தான். அவள் கோப்பை நகலெடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் பகுதியைத் திறந்து காட்டினாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸர் வீட்டில் இருக்க வேண்டுமென்றால் வயர் நூறு அடியாவது வேண்டுமே, அதற்கு என்ன செய்வாய் என்று கேட்டான். அவள் அதை யோசித்திருக்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று டீச்சர் வாசலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்க, இரண்டு பேரும் மேசையில் குனிந்து நோட்டின் பின்னட்டையில் கால்வாயையும் வீட்டையும் வரையத் தொடங்கினார்கள்.